ரிஜ்கு வீணாகலாமா?



நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நாள், வியாபாரி ஒருவர் குவித்து வைத்திருந்த தானியத்தைக் கடந்து சென்றார்கள். மேற்பார்வைக்குத் தானியம் நன்றாக இருந்தது. பெருமானார் அவர்கள் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் வந்திருக்கிறது.

மதரஸாவில் ஓதிய நாளில் இதை நாணயத்தைப் பற்றிய பாடமாகவே நாம் கேட்டோம். காய்கறிக் கடை வைத்த பிறகுதான் இதற்குள் இன்னொரு பாடமும் இருப்பது விளங்கியது. நனைந்த தானியம் மேலே இருந்திருந்தால் வெயில் பட்டுக் காய்ந்திருக்கும். அல்லது அன்றைக்கே சமைப்பவர் யாராவது குறைந்த விலைக்கு வாங்கிப் போயிருப்பார். அடியில் மறைந்த ஈரமோ சில நாளில் பூஞ்சணமாகி, பக்கத்திலுள்ள நல்ல தானியத்தையும் சேர்த்துக் கெடுக்கும். மறைப்பது ஒரு குற்றம். அதனால் அல்லாஹ் கொடுத்த ரிஜ்கு வீணாவது மற்றொரு குற்றம். இவ்விரண்டும் எப்படி ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன என்பதை, நாம் அறிந்த காய்கறி வியாபாரத்தைக் கொண்டு இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

நஷ்டத்தின் அளவு

ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், உலகில் விளையும் உணவில் சுமார் 14 சதவிகிதம் அறுவடைக்குப் பின், கடைக்கு வந்து சேருமுன்பே போய்விடுகிறது என்று கணக்கிட்டது. காய்கனிகளில் மட்டும் பார்த்தால் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதற்கடுத்தபடி கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வீணாவது வேறு. 2022-ஆம் ஆண்டில் இப்படி வீணானது 105 கோடி டன் என்று ஐ.நா.வின் சுற்றுச்சூழல் பிரிவு 2024-இல் தெரிவித்தது. அதில் 60 சதவிகிதம் வீடுகளிலே வீணானது என்பதைக் கேட்டால், நாம் ஒருவரும் பிறரை நோக்கி விரல் நீட்ட முடியாது.

சிங்கப்பூரில் வாழும் நமக்கு இது இன்னும் நெருங்கிய விஷயம். நாம் உண்ணும் உணவில் 90 சதவிகிதத்துக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. நாம் எறியும் ஒரு கட்டுக் கீரை நம் தோட்டத்துக் கீரையன்று. யாரோ ஒருவர் நீர் பாய்ச்சி, யாரோ ஒருவர் இரவெல்லாம் விழித்து லாரி ஓட்டிக் கொண்டுவந்து கொடுத்தது.

திருக்குர்ஆனின் அன்ஆம் அத்தியாயம் 141-ஆம் வசனத்தை நினைத்துப் பாருங்கள். தோட்டங்களையும் பேரீச்சையையும் பயிர்களையும் ஒலிவத்தையும் மாதுளையையும் படைத்ததைச் சொல்லும் அல்லாஹ், அறுவடை நாளிலேயே அதற்குரிய பங்கைக் கொடுத்துவிடும்படி கட்டளையிடுகிறான். உடனே, அதே வசனத்திலே, வீண்விரயம் செய்யலாகாது என்றும் தடுக்கிறான். அறுவடையைப் பற்றிச் சொன்ன இடத்திலேயே விரயத்தைப் பற்றியும் சொல்லப்பட்டிருப்பது சிந்திக்கத் தக்கது.

யூசுப் நபி காட்டிய வழி

அறுவடைக்குப் பின் உணவைக் காப்பது எப்படி என்பதற்குத் திருமறையிலேயே ஒரு முறை கூறப்பட்டிருக்கிறது. மிஸ்ரு நாட்டு மன்னர் கண்ட கனவுக்கு விளக்கம் சொன்ன யூசுப் நபி (அலை) அவர்கள், ஏழு ஆண்டுகள் பயிரிடச் சொன்னார்கள். உண்பதற்கு வேண்டிய சிறு பகுதி போக, மற்றதைக் கதிரிலேயே விட்டு வைக்கும்படியும் சொன்னார்கள். பின்னால் வந்த பஞ்ச காலத்தில் அது உதவியது.

கதிரிலே விடுவதில் என்ன பயன்? தானியத்தின் மேலுள்ள உமியே அதற்கு உறை. அடித்துப் பிரிக்கும்போது மணி உடையும், கீறும். உடைந்த இடத்திலே பூச்சியும் பூஞ்சணமும் நுழையும். உறையோடு, காய்ந்த இடத்தில், தேவைக்குமேல் கை படாமல் இருந்தால் தானியம் நெடுநாள் நிற்கும். காயம் படாமை, ஈரம் சேராமை, தேவையான அளவே எடுத்தல் ஆகிய மூன்று விதிகளை இதிலிருந்து அறியலாம்.

இம்மூன்று விதிகளும் காய்கறிக்கும் பொருந்தும். ஆனால் தானியம் காய்ந்த பொருள். காய்கறியோ நீர் நிறைந்த பொருள். ஆகவே அதற்கு நான்காவதாக ஒரு விதியும் வேண்டும். அது வெப்பத்தைப் பற்றியது.

பறித்த காயும் மூச்சு விடும்

செடியிலிருந்து பறித்த பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது. அது காற்றை உள்ளே இழுத்து, தன்னுள் சேர்த்து வைத்த சர்க்கரையை எரித்து, வெப்பத்தையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது, நீரையும் இழக்கிறது. செடியில் இருந்தபோது வேர் கொடுத்து ஈடு செய்தது. இப்போது ஈடு செய்ய யாருமில்லை. முதலை வைத்துச் சாப்பிடும் கடைக்காரனைப் போல, இருப்பு உள்ளவரைதான் அதன் வாழ்வு.

வெப்பம் 10 டிகிரி கூடினால் இம்மூச்சு இரண்டு, மூன்று மடங்கு வேகமாகிறது. 15 டிகிரிக் குளிர்ச்சியில் இருந்த கோசு, 35 டிகிரி வெப்பத்தில் மாட்டிக்கொண்டால் நான்கு மடங்கு முதல் ஒன்பது மடங்கு வேகத்தில் தன் இருப்பைச் செலவழிக்கும். அங்கே கழியும் ஒரு மணி நேரம், குளிர்ச்சியில் கழியும் பல மணி நேரத்துக்குச் சமம். கீரை வகைகளில் நூற்றுக்கு ஐந்து பங்கு நீர் குறைந்தாலே இலை துவண்டுவிடும். வாங்க வருபவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்.

வழியில் நடப்பது

கேமரன் மலையிலிருந்து இங்கே வரும் தக்காளியையும் கோசையும் பின்தொடர்ந்து பார்ப்போம். வழி 500 கிலோமீட்டருக்கும் அதிகம். மலை குளிர்ந்தது, அடிவாரம் சுடும். விடியற்காலையில் பறித்து நிழலில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. உச்சி வெயிலில் பறித்து, அந்தச் சூட்டோடு பெட்டியில் அடைத்தால், காயின் சூடும் அதன் மூச்சுச் சூடும் சேர்ந்து பெட்டிக்குள் அடுப்பு மூட்டியது போலாகும்.

அடுத்தது பெட்டி. கூடையிலோ சாக்கிலோ அழுத்தித் திணித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், மேலுள்ள பாரமெல்லாம் அடியிலுள்ள காயின் மீது இறங்கும். கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பினால், பெட்டியின் பாரத்தைப் பெட்டியே தாங்கும், காய் தாங்காது. இது பெரிய விஞ்ஞானமன்று. ஆயினும் இன்னும் இரண்டு கிலோ சேர்த்துத் திணித்தால் லாரி வாடகை மிச்சம் என்று எண்ணி, நான்கு கிலோவை நசுக்குகிறவர்கள் உண்டு.

அதன்பின் ஏற்றும்போது மழை, வழியில் குலுக்கல், எல்லையில் காத்திருப்பு, மொத்தச் சந்தையில் இறக்குதல், கடைக்கு வருதல். குளிர்சாதன லாரியில் வந்தாலும், இறக்கியவுடன் வெளிக்காற்றுப் பட்டுக் காய் வேர்க்கும். அந்த வேர்வையில் அழுகல் பிடிக்கும். குளிரிலே வந்ததைக் குளிரிலேயே வைக்க வேண்டும். நடுவில் விட்டால் பழுது.

இத்தனை கைகளில் எந்தக் கையும் முழுதாகக் கெடுப்பதில்லை. ஆளுக்குச் சிறிது கெடுத்து, அதைச் சொல்லாமல் அடுத்த கைக்குத் தள்ளிவிடுகிறார்கள். கடைசிக் கையில் அது மொத்த நஷ்டமாகத் தெரிகிறது.

எதோடு எதை வைக்கலாகாது

கடைக்காரர்களும் வீட்டுப் பெண்மக்களும் அறிய வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. வாழை, மாம்பழம், பப்பாளி, தக்காளி போன்றவை பழுக்கும்போது எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடும். கண்ணுக்குத் தெரியாத இவ்வாயு பக்கத்திலுள்ள கீரையை மஞ்சளாக்கும். வெள்ளரிக்காயை முதிரச் செய்யும். பழத்தட்டுக்குப் பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டை வைத்துவிட்டு, மல்லி சரியில்லை என்று குறை சொல்வது நியாயமன்று.

குளிர் எல்லாவற்றுக்கும் நல்லது என்று எண்ணுவதும் தவறு. முட்டைக்கோசும் கேரட்டும் பூஜ்ய டிகிரியை ஒட்டிய குளிரை விரும்பும். வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கறுக்கும். கத்தரிக்காய், வெண்டைக்காய், வெள்ளரிக்காய் ஆகியவை 10 டிகிரிக்குக் கீழே பல நாள் கிடந்தால் குழி விழுந்து, வெளியே எடுத்தவுடன் அழுகும். வெங்காயத்துக்கு வேண்டியது காற்றோட்டமும் உலர்ச்சியும். உருளைக்கிழங்குக்கு வேண்டியது இருட்டு. வெளிச்சம் பட்டால் பச்சை பிடித்துக் கசந்து, உண்ணத் தகாததாகும். இவ்விரண்டையும் ஒரே கூடையில் போடாதிருப்பது நல்லது.

நம் கடையில் நடந்தது

இனி, சொல்லக் கூச்சமான ஒன்றைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், நோன்பு தொடங்கிய வாரம். அதிகாலையில் எடுத்து வந்த தக்காளிப் பெட்டிகளில் இரண்டைத் திறந்தபோது மேலடுக்கு நன்றாக இருந்தது. அடியிலோ ஈரமும் வெடிப்பும். சரக்குக் கொடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. நமக்குக் கோபம் வந்தது. நம்மை ஏமாற்றிவிட்டார்களே என்று கடைப் பையனிடம் உரக்கப் பேசினோம்.

பேசிவிட்டு என்ன செய்தோம்? ஒரு கிலோப் பைகளாகக் கட்டினோம். மெத்தென்றிருந்ததை அடியில் போட்டு, நல்லதை மேலே வைத்தோம். அன்று அஸருக்குப் பின், நோன்புக் கஞ்சிக்குச் சாமான் வாங்கும் பெரியவர் ஒருவர் வந்து, மறுநாளைக்கென்று ஐந்து பைகள் வாங்கிப் போனார்.

மறுநாள் லுஹருக்குப் பின் அவர் திரும்பி வந்தார். பைகளை மேசைமேல் வைத்தார். ஒரு பையைப் பிரித்து, உள்ளே கையை விட்டு எடுத்தார். விரலிலிருந்து நீர் சொட்டியது. புளித்த வாடை வந்தது. அவர் சத்தம் போடவில்லை.

"தம்பி, நேற்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நேற்றே அடுப்பில் ஏற்றியிருப்போமே. ஒரு பழம் வீணாகியிருக்காதே" என்றார்.

நாம் தலை குனிந்தோம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த ஐந்து பைகளிலும் அடியிலிருந்த சாறு பட்டு நல்ல பழங்களும் பாழாகியிருந்தன. விற்காமல் இருந்த பைகளிலும் அப்படியே. அன்றிரவு கணக்குப் பார்த்தோம். முதல் நாளே பிரித்தெடுத்துப் பாதி விலைக்கு விற்றிருந்தால் நஷ்டம் சில வெள்ளிதான். மறைத்ததனால் இரண்டு பெட்டியும் முழுதாகப் போயிற்று. தக்காளிக்கு ஒரு நாள் என்பது பெரிய ஆயுள். அந்த ஒரு நாளை அதற்கு இல்லாமல் செய்தது மழையன்று; நம் கைதான்.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறையை வெளிப்படையாகச் சொன்னால் அவ்வியாபாரத்தில் பரக்கத்து உண்டென்றும், மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத்து அழிக்கப்படும் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பரக்கத்து அழிவதென்றால் என்ன என்பதை அன்று குப்பைத் தொட்டியின் அருகே நின்று கண்டோம்.

மறுநாள் சந்தைக்குப் போய், சரக்குக் கொடுத்தவரிடம் சண்டையாக அல்லாமல் விஷயமாகச் சொன்னோம். அவர் லாரிக்காரரைக் கேட்டார். மழையில் ஏற்றியதாகவும், லாரியின் தரையில் தேங்கிய நீர் அடிப் பெட்டிகளில் ஏறியதாகவும் தெரிந்தது. பிறகு வந்த லோடுகளில் பெட்டிகளுக்கு அடியில் மரச் சட்டம் போட்டிருந்தார்கள். அடி ஈரம் நின்றது. குறையைக் கீழ்நோக்கித் தள்ளியபோது ஒருவரும் திருந்தவில்லை. மேல்நோக்கிச் சொன்னபோது ஒரு சட்டப் பலகையால் தீர்ந்தது.

ஊருக்கு ஏற்ற வழி

நைஜீரியாவின் வடபகுதியைச் சேர்ந்த முகம்மது பா அப்பா என்ற ஆசிரியர் செய்ததை இங்கே குறிப்பிட வேண்டும். அவர் மண்பாண்டம் செய்யும் குடும்பத்தில் வந்தவர். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணல் நிரப்பி, மணலை நனைத்து, மேலே ஈரத்துணி போட்டார். வறண்ட காற்றில் நீர் ஆவியாகும்போது உள்பானை குளிரும். மூன்று நாளில் கெட்டுப்போகும் கத்தரிக்காய் அதற்குள் 27 நாள் இருந்தது. மின்சாரமில்லாத கிராமங்களில் அப்பானைகளைப் பரப்பிய அவருக்கு 2000-ஆம் ஆண்டு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. காய் கெட்டுவிடுமே என்று கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்ட ஏழை விவசாயிகள், பொறுத்து விற்க முடிந்தது.

இதைக் கேட்டு நாமும் பானை வாங்கக் கிளம்பினால் பயனில்லை. நம் ஊர்க் காற்று எப்போதும் ஈரம் நிறைந்தது, நீர் எளிதில் ஆவியாகாது, பானை குளிராது. அவர் தம் ஊர்க் காற்றை அறிந்து செய்தார். நாம் நம் ஊர்ப் புழுக்கத்தை அறிந்து செய்ய வேண்டும்.

கடைக்காரர் கவனிக்க

1. சரக்கு வந்தவுடன் ஒவ்வொரு பெட்டியின் அடியையும் பாருங்கள். காயம்பட்டதை அந்நேரமே பிரித்தெடுங்கள். ஓர் அழுகல் பெட்டி முழுவதும் பரவும்.

2. பெட்டியின்மேல் வந்த தேதியை எழுதுங்கள். முன்னே வந்தது முன்னே போகட்டும்.

3. "இன்றே சமைக்க" என்று எழுதி ஒரு கூடையைக் கடை வாசலில் வையுங்கள். மெத்தென்ற தக்காளி, முதிர்ந்த வாழை, வாடத் தொடங்கிய கீரை ஆகியவற்றைக் குறைந்த விலையில் அதில் வையுங்கள். நம் கடையில் அக்கூடை மஃரிபுக்கு முன்பே காலியாகிவிடுகிறது. பூஞ்சணம் பிடித்ததையும் அழுகியதையும் அதில் வைக்கலாகாது.

4. நேற்று விற்றது எவ்வளவு, எறிந்தது எவ்வளவு என்று தினமும் எழுதுங்கள். எழுதாத நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. நாளைக்கு எவ்வளவு எடுப்பது என்பதை அந்த ஏடே சொல்லும்.

5. தர்மமாகக் கொடுப்பதானால், உண்ணத் தக்க நிலையிலேயே கொடுங்கள். நாமே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்ற அளவிலுள்ள மட்டமான பொருளைத் தர்மம் செய்ய நாடலாகாதென்று பகரா அத்தியாயம் 267-ஆம் வசனம் தடுக்கிறது. பூமியில் விளைந்ததைப் பற்றியும் அதே வசனம் பேசுகிறது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2024 ஆகஸ்டில், நல்லெண்ணத்தோடு உணவு தானம் செய்பவருக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுக்கும் மசோதா ஒன்றை நிறைவேற்றியது. அதன் நிபந்தனைகளில், கொடுக்கும்போது உணவு பாதுகாப்பானதாக இருக்க வேண்டும். எப்படி வைக்க வேண்டும், எப்போதுக்குள் உண்ண வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பவையும் அடங்கும். சொல்லிக் கொடுப்பது என்பது நமக்குப் புதிய பாடமன்று.

வீட்டினர் கவனிக்க

நோன்பு மாதத்தில் பசித்த கண்ணோடு கடைக்கு வந்தால் இரட்டிப்பாகத்தான் வாங்குவோம். வீட்டில் இருப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். கீரையையும் மல்லியையும் ஈரம் துடைத்து, துணியிலோ தாளிலோ சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். கோணல் கேரட்டையும் சிறிய தக்காளியையும் ஒதுக்காதீர்கள்; ருசியில் குறைவில்லை. கீழே விழுந்த ஒரு கவளத்தைக்கூடத் துடைத்து உண்ணும்படி கற்பித்த நபியின் உம்மத்து நாம்.

ஒன்றை மட்டும் மீண்டும் சொல்லி முடிக்கிறோம். குளிர்சாதனமும் நல்ல பெட்டியும் வேண்டியவையே. அவற்றுக்குப் பணம் வேண்டும். பழுதுபட்டதை மேலே எடுத்து வைத்து, இது இன்றைக்குத்தான் ஆகும் என்று சொல்வதற்கு ஒரு காசும் வேண்டாம். அல்லாஹ்வின் அச்சம் ஒன்றே போதும். விவசாயி லாரிக்காரரிடமும், லாரிக்காரர் சந்தைக்காரரிடமும், சந்தைக்காரர் நம்மிடமும், நாம் உங்களிடமும் அதைச் சொன்னால், நூறு பேர் உண்ண விளைந்தது நூறு பேர் வயிற்றுக்குப் போய்ச் சேரும்.

அல்லாஹுத் தஆலா நம் ரிஜ்கில் பரக்கத்துச் செய்வானாக. அதை வீணாக்கும் கைகளாக நம் கைகளை ஆக்காதிருப்பானாக. ஆமீன்.